குமிழைத் திருப்பத் தெரிந்தவர்கள்

போன நவம்பரில் சித்தப்பாவின் மகன் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். அவனுக்கு 19 வயது. அப்போதுதான் ஒரு பாவித்த சுபாரு வாங்கியிருந்தான்.

"அக்கா, என்ர கார் டர்போ. ஒருத்தர் லப்டொப்பைக் கொழுவி பூஸ்டை ஏத்தித் தாறாராம். எண்ணூறு டொலர்தான். அப்பாட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

உடனே பதில் எழுதத் தொடங்கினேன். "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அவன் கேட்கமாட்டான். அந்த வயதில் நானும் கேட்கவில்லை. அதனால் ஒரு கதையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தக் கதை இங்கே, எங்கள் மொன்றியலில், அப்பா வந்து சேர்ந்த முதல் கோடையில் தொடங்குகிறது.

அப்பா கேட்ட இரைச்சல்

அப்பா 1986ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் மொன்றியலுக்கு வந்தார். கோட்-டெ-நேஜில் ஐந்து பேரோடு ஓர் அறை. பழைய மொன்றியலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கதவைத் திறந்து குப்பை போட வந்தபோது, ஆற்றுப் பக்கமிருந்து பெரிய இரைச்சல் ஒன்று கேட்டதாம். வானத்தில் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய உடம்பு. கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டார்.

"குண்டு போட வந்திட்டாங்கள் எண்டுதான் பிள்ளை நினைச்சன்" என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்வார். அன்று யாரும் சிரிக்கவில்லையாம். சமையற்காரர் ஒருவர் வெளியே வந்து, அவரைத் தூக்கி நிறுத்தி, ஆற்றுக்கு அப்பால் கையைக் காட்டி, "கார், கார்" என்று சொன்னாராம்.

அது 1986 ஜூன் 15, கனடிய கிராண்ட் பிரி நாள். நோத்ர்டாம் தீவில் ஃபோர்முலா 1 கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தீவே மனிதர் செய்த தீவு. எக்ஸ்போ 67 கண்காட்சிக்காக, மெட்ரோ சுரங்கம் தோண்டிய மண்ணையும் கொட்டி உருவாக்கியது. அப்பா அன்று கேட்டது சாதாரண கார்ச் சத்தம் இல்லை. ஃபோர்முலா 1 வரலாற்றிலேயே மிக அதிக வலுவுள்ள டர்போ இயந்திரங்களின் காலம் அது.

அந்தக் கார்களுக்குள் ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிறிய குமிழ் இருந்தது. பழைய வானொலியில் சத்தம் கூட்டும் குமிழ் போல ஒன்று. இந்தக் கதை அந்தக் குமிழைப் பற்றியது.

டர்போ என்ன செய்கிறது?

ஓர் இயந்திரம் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பெற்றோலை எரிக்க முடியும். டர்போ அந்தக் காற்றை அமுக்கித் திணிக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சில்லு சுழல்கிறது. அதே அச்சில் இருக்கும் இன்னொரு சில்லு வெளிக்காற்றை இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. இந்தச் சில்லுகள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேலும் சுழலும். மேலதிகமாகத் திணிக்கும் அந்த அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம்.

இதை நினைத்துப் பார்த்தவர் அல்ஃபிரெட் பூஹி என்ற சுவிஸ் பொறியியலாளர். 1905இல் காப்புரிமை பெற்றார். 1918இல் சான்ஃபர்ட் மொஸ் என்ற அமெரிக்கர் ஒரு விமான இயந்திரத்தை லொறியில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார். உயரத்தில் காற்று மெலிது. அங்கே இழந்த வலுவை டர்போ திருப்பிக் கொடுத்தது.

பூஸ்ட் அளவுக்கு மீறினால் இயந்திரம் வெடிக்கும். அதற்குத்தான் வேஸ்ட்கேட் என்ற வால்வு இருக்கிறது. அப்பா இதை எனக்குத் தோட்டத்து வாய்க்காலை வைத்து விளக்கினார். தண்ணீர் கூடினால் வரம்பை வெட்டி மற்றப் பக்கம் விடுவார்கள் அல்லவா? அதுபோல வேஸ்ட்கேட் திறந்தால் புகையின் ஒரு பகுதி சில்லைத் தொடாமல் வெளியே போய்விடும். சில்லின் வேகம் குறையும். அந்த வரம்பை எப்போது வெட்டுவது என்று ஓட்டுநரே தீர்மானிக்க முடிந்தால்? அதுதான் குமிழ்.

ஐந்து நிமிடம் மட்டும்

இந்த யோசனை பந்தயத்துக்கு மட்டும் உரியதில்லை. போரிலும் வந்தது. 1940இல் பிரித்தானியப் போர் விமானங்களின் மெர்லின் இயந்திரத்தில் காற்றைத் திணித்தது டர்போ இல்லை; இயந்திரமே சுழற்றிய சூப்பர்சார்ஜர். ஆனால் சிக்கல் ஒன்றுதான். வழமையான உச்ச அழுத்தம் 6¼ இறாத்தல். நல்ல ரக 100 ஒக்டேன் எரிபொருள் வந்தபிறகு, ஆபத்து நேரத்தில் விமானி அதை 12 இறாத்தல் வரை ஏற்ற அனுமதி கிடைத்தது. அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். பாவித்தால் இறங்கியதும் அதைப் பதிவேட்டில் எழுதவேண்டும்.

அந்த இயந்திரம் பூட்டிய ஹரிக்கேன் விமானங்கள் கனடாவிலும் கட்டப்பட்டன, 1,400க்கு மேல். ஒன்ராறியோவின் ஃபோர்ட் வில்லியம் தொழிற்சாலையில் அந்த வேலைக்குத் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் எல்சி மெக்கில் என்ற பெண். அதற்கு முன் அவர் எங்கள் ஆற்றுக்கு அக்கரையில், லோங்கேயில் இருந்த ஃபேர்சைல்ட் விமான நிறுவனத்தில் வேலை செய்தார். ஹரிக்கேன் குளிர்காலத்தில் பறக்க, பனிச்சறுக்குக் கட்டைகளும் உறைபனி நீக்கும் கருவியும் பொருத்திய வடிவத்தையும் அவரே வரைந்தார். வலு மட்டும் போதாது, எந்த நிலத்தில், எந்தக் காலநிலையில் ஓடப்போகிறது என்பதும் முக்கியம் என்று தெரிந்தவர்.

போர்ஷேயின் குமிழ்

கார்களுக்கு டர்போ 1962இல் வந்தது. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற அமெரிக்கக் காரில் தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித்தாங்கியில் ஊற்றவேண்டும். இயந்திரத்தைக் குளிரவைக்க அது தேவை. திரவம் முடிந்தால் பூஸ்ட் தானாகக் குறைந்துவிடும். பலர் திரவத்தை ஊற்றவே மறந்தார்கள். கார் நிலைக்கவில்லை.

ஓட்டுநரின் கையிலேயே பூஸ்டைக் கொடுத்து உலகத்தை மிரட்டியது போர்ஷே. 'கான்-ஆம்' என்று ஒரு பந்தயத் தொடர் இருந்தது. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்தது என்பதால் அந்தப் பெயர். அதன் முதல் பந்தயமே 1966இல் எங்கள் மாகாணத்து மோன்-ட்ராம்ப்லானில்தான் நடந்தது. போர்ஷேயின் டர்போ 917/10 முதன்முதலில் களமிறங்கியதும் கனடாவில்தான்: 1972 ஜூனில், ஒன்ராறியோவின் மொஸ்போர்ட் ஓடுதளத்தில். மார்க் டொனஹியூ முதலிடத்திலிருந்து புறப்பட்டு இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு 917/30 காரோடு வந்து தொடரையே வென்றார். அந்தக் காரில் பூஸ்ட் குமிழ் இருந்தது. பந்தயத்தில் 1,100 குதிரைவலு. குமிழை முழுக்கத் திருப்பினால் சிறிது நேரத்துக்கு 1,500 வரை. 1974இல் எரிபொருள் கட்டுப்பாடு வந்தது. உலகம் எண்ணெய் நெருக்கடியில் இருந்த நேரம். அந்த ஆண்டோடு தொடரும் முடிந்தது.

ஜில் வில்நெவ்வும் மழையும்

ஃபோர்முலா 1க்கு டர்போவைக் கொண்டுவந்தது ரெனோ, 1977இல். அந்தக் கார் அடிக்கடி புகைந்து நின்றதால் 'மஞ்சள் தேநீர்க் கேத்தல்' என்று கேலி செய்தார்கள். கேத்தல் 1979இல் பிரான்சில் பந்தயம் வென்றது. அதே பந்தயத்தில் இரண்டாமிடத்துக்காக இன்னொரு ரெனோ டர்போவோடு கடைசிச் சுற்றுவரை முட்டிமோதி, டர்போ இல்லாத ஃபெராரியில் முந்தியவர் ஒரு கியூபெக்காரர். அவர்தான் ஜில் வில்நெவ்.

சென்-ஜோன்-சூர்-ரிஷ்லியுவில் பிறந்து பெர்த்தியேவிலில் வளர்ந்த அவர், காருக்கு முன் பனிவண்டிப் பந்தயத்தில் பெயர் எடுத்தவர். வழுக்கும் தரையில், கண் தெரியாத பனிப்புழுதியில் ஓட்டிப் பழகியவர். 1978இல் நோத்ர்டாம் தீவில் நடந்த முதல் கிராண்ட் பிரியை அவரே வென்றார்.

நான் தம்பிக்குச் சொல்ல விரும்பியது 1981 பந்தயத்தைப் பற்றி. செப்டம்பர் கடைசி, கடும் மழை. அப்போது அவருடைய ஃபெராரியில் டர்போ வந்துவிட்டது. அக்காலத்து டர்போவுக்கு ஒரு கெட்ட பழக்கம்: காலை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, சில்லு வேகம் எடுத்ததும் எல்லா வலுவும் ஒரேயடியாக வந்து விழும். ஈரத்தில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காரின் முன்சிறகு மோதி வளைந்து அவர் கண்ணை மறைத்தது. பிறகு அது பிய்ந்தே போனது. அப்படியும் மூன்றாமிடத்தில் முடித்தார். வலு எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்துக் காலை வைக்கத் தெரிந்ததால்தான் அது முடிந்தது.

அடுத்த ஆண்டு மே 8ஆம் தேதி பெல்ஜியத்தில் தகுதிச்சுற்றின்போது அவர் இறந்தார். வயது 32. ஐந்து கிழமை கழித்து மொன்றியலில் பந்தயம். ஓடுதளத்துக்கு அவருடைய பெயரை வைத்திருந்தார்கள்.

1982 ஜூன் 13

அந்த நாளை இரண்டு விதமாக எழுதலாம். இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

முதலாவது, வெற்றி. நெல்சன் பிக்கேயின் பிரபாம் காரில் பிஎம்டபிள்யூவின் புதிய டர்போ. ஒன்றரை லீற்றர், நான்கு சிலிண்டர். தெருவில் ஓடும் பிஎம்டபிள்யூ கார்களின் இயந்திரக் குடும்பத்திலிருந்து வந்தது. முந்தைய ஞாயிறு டிட்ரொய்ட்டில் அந்தக் கார் பந்தயத்துக்குத் தகுதிபெறவே இல்லை. உலகச் சாம்பியன் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. ஏழு நாள் கழித்து மொன்றியலில் அதே கார் முதலாவதாக வந்தது. பிஎம்டபிள்யூ டர்போவின் முதல் வெற்றி எங்கள் ஊரில்தான்.

இரண்டாவது, ரிக்கார்டோ பலெட்டி. இத்தாலியர். இன்னும் இரண்டு நாளில் 24 வயது ஆகியிருக்கும். பந்தயம் தொடங்கிய கணத்தில் முதலிடத்தில் நின்ற டிடியே பிரோனியின் ஃபெராரி நகராமல் நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்கள் விலகிப் போனார்கள். பின்வரிசையிலிருந்து வேகமெடுத்து வந்த பலெட்டிக்கு நின்ற கார் தெரியவில்லை, நேராக மோதினார். பெற்றோல் கசிந்து தீப்பிடித்தது. அவருடைய தாய் அன்று பார்வையாளராக அங்கேயே இருந்தார்.

பலெட்டியின் காரில் டர்போ இல்லை. இதில் பூஸ்டின் குற்றம் ஒன்றும் இல்லை. அப்படியானால் ஏன் எழுதுகிறேன்? வேகத்தின் கதையைச் சொல்லும்போது வென்றவர் பெயரை மட்டும் சொல்வது பொய். அந்தத் தாய் நின்ற இடத்தையும் சொல்லவேண்டும்.

குமிழைக் குறைத்தவர்கள் வென்ற காலம்

அதன் பிறகு பூஸ்ட் ஏறிக்கொண்டே போனது. 1986இல் பிஎம்டபிள்யூ இயந்திரம் தகுதிச்சுற்றில் 5 பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடியது. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். வலு 1,300 குதிரைவலுவைத் தாண்டியது என்று மதிப்பிடுகிறார்கள். சரியாகச் சொல்ல முடியாது, ஏனெனில் அவர்களின் சோதனை மேசை அவ்வளவு உயரம் அளக்காது. அப்படிப்பட்ட இயந்திரம் சில சுற்றுகள்தான் தாங்கும்.

ஆனால் பந்தய நாளில் கதை வேறு. பெற்றோலுக்குக் கட்டுப்பாடு இருந்தது: 1984இல் 220 லீற்றர், 1986இல் 195. இடையில் நிரப்பவும் முடியாது. பூஸ்டைக் கூட்டினால் முந்தலாம், ஆனால் பெற்றோல் கரையும். குறைத்தால் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் பின்னால் வருபவர் விழுங்கிவிடுவார். எங்கள் ஓடுதளம் இதில் மிகவும் கடுமையானது: நீண்ட நேர்ப்பாதை, இறுக்கமான வளைவு, மறுபடி நேர்ப்பாதை, மறுபடி வளைவு. நிறுத்தி நிறுத்தி முழுவேகம் எடுக்கும் இடம் என்றால் பெற்றோல் குடிக்கும்.

அப்பா சுவரோடு குந்தியிருந்த அந்த ஞாயிறு, நைஜல் மான்செல் வென்றார். அலன் ப்ரோஸ்ட் இரண்டாவது. ஓட்டுநர்கள் குமிழைக் கூட்டுவதும் குறைப்பதுமாக, மனக்கணக்குப் போட்டுக்கொண்டு ஓடிய காலம் அது. கணக்குப் பிழைத்தவர்களும் உண்டு. அடுத்த மாதம் ஜேர்மனியில் அதே ப்ரோஸ்ட்டின் பெற்றோல் கடைசி நேர்ப்பாதையில் தீர்ந்தது. இறங்கிக் காரைத் தள்ளினார்! ஆனால் அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் அவர்தான்.

1987இல் எல்லா டர்போ இயந்திரத்திலும் ஒரு வால்வு கட்டாயமானது. அம்மாவின் பிரஷர் குக்கரில் நீராவி கூடினால் வெளியேறுவது போல, 4 பாரைத் தாண்டினால் காற்று வெளியே போய்விடும். 1988இல் அது 2.5 பாராகவும் பெற்றோல் 150 லீற்றராகவும் குறைந்தது. அந்த ஆண்டு மொன்றியலில் வென்றவர் மக்லாரன்-ஹொண்டாவில் அயர்ட்டன் சென்னா. மக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. கவனியுங்கள்: பூஸ்ட் மிகக் குறைவாக இருந்த ஆண்டில்தான் அந்தச் சாதனை. 1989இல் டர்போ தடைசெய்யப்பட்டது.

2014இல் டர்போ திரும்பி வந்தது, மின்மோட்டாரோடு. குமிழ் இப்போது ஸ்டியரிங்கில் ஏறிவிட்டது. தகுதிச்சுற்றுக்கு மட்டும் வலுவை உச்சத்துக்கு ஏற்றும் முறையை 'பார்ட்டி மோட்' என்று அழைத்தார்கள். 2020இல் அதற்கும் தடை: தகுதிச்சுற்றிலும் பந்தயத்திலும் ஒரே அமைப்புத்தான்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கார்

இந்தக் குமிழ் இன்று பல டர்போ கார்களில் பொத்தானாக இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் பெற்றோலின் தரத்தை இயந்திரமே உணர்ந்து பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. போர்ஷே 911இல் ஒரு பொத்தானை அழுத்தினால் 20 விநாடிக்கு முழு வேகத் தயார்நிலை. தம்பியின் சுபாருவில் மூன்று நிலை: ஐ, எஸ், எஸ்#. முதலாவதில் இயந்திரம் அமைதியாக, மெதுவாகப் பதில் சொல்லும். மூன்றாவதில் கால் பட்டாலே பாயும்.

ஏன் ஒரே நிலை போதாது? மொன்றியலில் வாழ்கிற நமக்கு இது நன்றாகப் புரியவேண்டும். மைனஸ் 20 பாகையில் காற்று, 30 பாகைக் கோடைக் காற்றைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அடர்த்தியானது. குளிரில் டர்போவுக்கு நல்ல சாப்பாடு. ஆனால் அதே நாளில் ரயருக்குக் கீழே ஐஸ். இயந்திரம் பலமாக இருக்கும் நாளில்தான் தெரு பலவீனமாக இருக்கிறது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம் என்று கியூபெக் சட்டம் போட்டிருப்பது சும்மா இல்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எனக்கு 20 வயதில், ஒரு பெப்ரவரி இரவு, அப்பாவின் பழைய டர்போ காரில் நெடுஞ்சாலை 40க்கு ஏறும் வளைவில் காலை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. கார் ஒன்றரைத் தடவை சுற்றிப் பனிமேட்டில் போய்க் குத்தியது. பின்னால் வாகனம் எதுவும் வரவில்லை. அது என் திறமை இல்லை.

அப்பா வந்து என்னைப் பார்த்தார். காரைப் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு சத்தத்துக்குச் சுவரோடு ஒட்டிக் குந்திய மனிதர், கடல் தாண்டி எங்களைக் கொண்டுவந்தது இப்படி ஓர் இரவில் தொலைபேசி அழைப்பு எடுப்பதற்கா?

தம்பிக்கு

இதை எல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு படம் வந்தது: நான்கு புதிய குளிர்கால ரயர், வாங்கின பற்றுச்சீட்டோடு. கீழே, "பூஸ்ட் காசு இதுக்குப் போட்டுது அக்கா. ஆனா கோடைக்குப் பிறகு பாப்பம்." முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். கோடைக்கு இன்னும் நாளிருக்கிறது.

முதல் பனி விழுந்த ஞாயிறு அவனையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் உறவினர் ஒருவருடைய வெறுமையான தோட்டக் காணிக்குப் போனோம். முதலில் ஐ நிலையில் ஓட்டச் சொன்னேன். பிறகு எஸ்#இல். அதே இடம், அதே பனி, அதே கால். இரண்டாவது தடவை கார் பக்கவாட்டில் வழுக்கிப் போனதும் அவன் முகம் மாறியது. ஒன்றும் சொல்லாமல் குமிழைத் திருப்பித் திரும்ப ஐயில் விட்டான்.

பின் இருக்கையிலிருந்து அப்பா சொன்னார்: "இப்பதான் நீ ஓடத் தொடங்கியிருக்கிறாய், தம்பி."